மைதிலி, தாராபுரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஓட்டல் இன்று திறந்தது, இரண்டாவது முறையாக. இருபது வருடம் 'செவந்தி லாட்ஜ்' ஆக இருந்து, பதினான்கு மாதம் மூடிக் கிடந்து, இப்போது 'செவந்தி கிராண்ட்'. காலையில் கோயம்புத்தூர் ரயில் நிலையத்திலிருந்து என்னை ஏற்றி வந்த ஆட்டோக்காரர், "செவந்தி லாட்ஜுங்களா? அத மூடிப் போட்டாங்களேங்க" என்றார். திறந்துவிட்டார்கள் என்றேன். நம்பாமல்தான் கொண்டுவந்து விட்டார்.

மூன்றாம் மாடி முழுவதும் கூட்ட அரங்குகள். நொய்யல், பவானி, அமராவதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றிலும் பெயிண்ட் வாசனை போகவில்லை. எந்த நிறுவனம், எத்தனை பேர், நாற்காலி எந்த வடிவில், தேநீர் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தாள் எழுதி எல்லாத் துறைக்கும் அனுப்புவது என் வேலை. 'பங்ஷன் ஷீட்' என்பார்கள். எழுத இன்னும் ஒன்றும் வரவில்லை.

எனக்கு அறை பின்கட்டில், புதுப்பிக்காத பகுதியில். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். புத்தகங்களை மேசையில் அடுக்கினேன். முப்பத்தொன்று கொண்டு வந்திருக்கிறேன். கொஞ்ச நாளைக்குப் போதும்.

ஆகஸ்ட் 13, புதன்

லாபியில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்ற பலகை நாள் முழுவதும் ஒளிர்கிறது. அதன் கீழே ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மா கும்பகோணத்திலிருந்து பேசினாள். இன்று இரண்டு கூட்டம், மூச்சு விட நேரமில்லை என்றேன். "நல்லதுடி, வேலையில மனசு போகட்டும்" என்றாள். பிறகு பீரோவைச் சுத்தம் செய்ததாகச் சொன்னாள். மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைகளை என்ன செய்வது என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மத்தியானம் பவானி அரங்கில் உட்கார்ந்து படித்தேன். இருநூற்று ஐம்பது நாற்காலிகளில் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரமாயிற்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தங்கை செய்தி அனுப்பியிருந்தாள். ப.வுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். நல்லது.

அமராவதி அரங்கில் ஏசி சொட்டுகிறது. மெயின்டனன்ஸுக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

விக்டர் சார் மூன்றாம் மாடியில் வேலை செய்யும் எங்கள் பதினொரு பேரையும் அழைத்தார். ஓட்டலின் பொது மேலாளர் அவர், நாகர்கோவில்காரர். கெட்ட செய்தியை நல்ல செய்தி போலச் சொல்லக்கூடியவர். இன்று அப்படிச் சொல்ல முடியவில்லை.

"முதலாளி ஒரு முடிவு எடுத்திருக்காரு. தீபாவளிக்குள்ள பெரிய புக்கிங் ஒண்ணாவது வரணும். வரலன்னா மூணாம் மாடிய ஒரு கோச்சிங் சென்டருக்கு வாடகைக்கு விட்டுருவாரு. பேசி முடிச்சாச்சு போல."

"எங்களையும் சேத்து வாடகைக்கு உடறாருங்களா சார்?" என்றார் குப்புராஜ். பரிமாறுபவர்களுக்குக் கேப்டன் அவர். பொள்ளாச்சிப் பக்கம். பழைய லாட்ஜ் நாளிலிருந்து இருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை.

வேலை போனால் நான் கும்பகோணம் திரும்ப வேண்டும். அந்தத் தெருவில் எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாகப் பேசுவார்கள். கோயம்புத்தூரில் யாரும் என்னிடம் அன்பாகப் பேசுவதில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

கும்பகோணம் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்தேன். சும்மாதான்.

செப்டம்பர் 6, சனி

வந்துவிட்டது. பல் மருத்துவக் கருவிகள் விற்கும் சென்னை நிறுவனம் ஒன்று. நாடு முழுவதிலுமிருந்து விநியோகஸ்தர்கள் இருநூற்று நாற்பது பேர், மூன்று நாள் கூட்டம். பிடித்தால் மூன்று வருடத்துக்கு இங்கேயே. அவர்கள் சார்பில் வசுந்தரா என்ற அம்மாள் பதினொன்றாம் தேதி வந்து இரண்டு நாள் தங்கிப் பார்க்கப் போகிறார்.

விக்டர் சார் சந்தோஷப்படவில்லை. "காலியா கெடக்கிற ஓட்டல்ல எவனும் மீட்டிங் வைக்க மாட்டான். ஏன் காலியா கெடக்குன்னு யோசிப்பான். அன்னைக்கு ஒரு கூட்டம் நடக்கணும்."

"எங்கேர்ந்து வரும் சார்?" என்றேன்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

செப்டம்பர் 10, புதன்

ஒத்திகை. 'விதை விற்பனையாளர் பயிற்சி முகாம்'. சலவைப் பிரிவு, கணக்குப் பிரிவு, காவலாளிகள் இருவர், விக்டர் சார் மனைவியின் உறவுக்காரர்கள் என நாற்பது பேர். பயிற்சியாளர், கணக்குப் பிரிவு கனகசபாபதி சார். அவரிடம் இருந்த ஒரே ஸ்லைடு தொகுப்பு பி.எஃப்., அதாவது பணியாளர் சேமநல நிதி பற்றியது. முதல் பக்கத்தை மட்டும் 'விதையும் எதிர்காலமும்' என்று மாற்றிக்கொண்டார்.

நான் வருகிறவரின் கண்ணில் படும் வேலையில் இருப்பவள் அல்ல. அதனால் நானும் பிரதிநிதி. கழுத்தில் மாட்டும் அட்டைகளை நானே அச்சடித்தேன். எனக்கு என்ன பெயர் போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். மற்றவர்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மைதிலி, தாராபுரம்.

செப்டம்பர் 11, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு விக்டர் சார் வசுந்தரா மேடத்தைப் பவானி அரங்குக்கு அழைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, நரைத்த தலைமுடியை வெட்டியிருந்தார், கையில் சிறு நோட்டு. கதவு திறந்ததும் நாற்பது பேரும் எழுந்து நின்றோம். நானும்தான். மேலாளர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது எங்கள் கால்களுக்கே தெரியும். விதை வியாபாரிகள் ஓட்டல் மேலாளரைக் கண்டு எழ மாட்டார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விக்டர் சார் முகம் சிவந்தது. "கொங்கு மரியாதை மேடம். புதுசா யாரு வந்தாலும் எந்திரிச்சிருவாங்க" என்றார்.

"அப்படியா" என்று மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கனகசபாபதி சார், "நாமினி பேரைக் கட்டாயம் எழுதிருங்க, பின்னாடி குடும்பத்துக்குச் சிரமம்" என்று விதை வியாபாரிகளிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேநீர் இடைவேளையில் இன்னொன்று. எழுந்த ஒவ்வொருவரும் தன் நாற்காலியை உள்ளே தள்ளி, அதன் விளிம்பு மேசைத்துணியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி சரிசெய்துவிட்டு நகர்ந்தார்கள். குடித்த கோப்பைகளைத் தட்டில் அடுக்கினார்கள். சலவைப் பிரிவு சரோஜா அக்கா மேசை விரிப்பில் இருந்த கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். குப்புராஜ் என் அருகில் வந்து, "மேடம், எல்லாத்தையும் கொஞ்சம் அழுக்குப் பண்ணச் சொல்லுங்க, எங்களுக்கு வேலையே இல்ல" என்று முணுமுணுத்தார். வசுந்தரா மேடம் நோட்டில் ஏதோ எழுதினார்.

மேலாளரின் தனி விருந்து வேண்டாம், கூட்டத்தோடு சாப்பிட்டால்தான் சாப்பாடு தெரியும் என்று சொல்லிவிட்டு, தட்டுடன் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மைதிலி. தாராபுரத்துல கடையா?"

"ஆமாங்க."

"வீட்ல யார் யாரு?"

அம்மா, தங்கை என்று சொல்லியிருக்கலாம். மைதிலிக்கும் அம்மா, தங்கை இருப்பதில் தடையில்லை. நான் கணவர் என்றேன். பெயர் கேட்டார். பரணிதரன் என்றேன். வாயில் முதலில் வந்த பெயர். குழந்தை உண்டா என்றார். பெண், மகிழினி, ஒன்றரை வயது. கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. இப்போது அந்தப் பத்திரிகையில் இருந்த தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது.

"இப்பதான் நடக்க ஆரம்பிச்சிருக்கா," என்றேன். "எதைப் பிடிச்சாலும் விடறதில்லை."

அவர் சிரித்தார். வருடத்தில் இருபது ஓட்டல் பார்க்கிறாராம். எல்லா ஊரிலும் தனியாகத்தான் சாப்பாடு. ஒரு மகள், மெல்போர்னில். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. "நான் ஒண்ணு சொன்னேன், அவ ஒண்ணு சொன்னா. என்னன்னுகூட இப்ப சரியா ஞாபகம் இல்ல." ரசத்தைத் தட்டில் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

பிறகு என் பையிலிருந்து எட்டிப் பார்த்த புத்தகத்தைப் பார்த்தார். நானூறு பக்க ரஷ்ய நாவல். "விதை விக்கிறதுக்கு நடுவுல இதைப் படிக்கிறீங்களா?" அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். அந்த நாவலில் அவருக்குப் பிடிக்காத பாத்திரத்தை எனக்குப் பிடிக்கும். சாப்பிட்ட கை காய்ந்துவிட்டது, கவனிக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

கிளம்பும்போது வசுந்தரா மேடம் என் எண்ணைக் கேட்டார். என்னுடைய சொந்த எண்ணைக் கொடுத்தேன். மைதிலிக்கு வேறு எண் கிடையாது.

அரங்குகளைப் பற்றி என்ன கேட்டார் என்றார் விக்டர் சார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அது உண்மை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஒப்பந்தம் வந்துவிட்டது. நவம்பர் 12, 13, 14. மூன்று வருடம், ஒவ்வொரு வருடமும் முடிந்தபின் அவர்கள் விரும்பினால் விலகலாம். விக்டர் சார் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கினார். கோச்சிங் சென்டர் வேறு இடம் பார்க்கிறது. நான் கும்பகோணம் போக வேண்டியதில்லை.

என் கைபேசியில் வசுந்தரா மேடத்திடமிருந்து ஒரு செய்தி: 'மைதிலி, உங்க ஊர்ப் பக்கம் வரேன் நவம்பர்ல. பாப்பா எப்படி இருக்கா?'

நன்றாக இருக்கிறாள் என்று பதில் போட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பாப்பாவுக்குச் சளி. அவர் கஷாயம் சொன்னார்.

அக்டோபர் 9, வியாழன்

சளி குறைந்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று வசுந்தரா மேடம் போனில் முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. இருவரும் கவனிக்காதது போல இருந்தோம்.

"நீ ஒரு பொண்ணைப் பெத்தவ. சொல்லு, நானே முதல்ல பேசணுமா? அவதானே சின்னவ?"

நான் அரங்கின் கண்ணாடி ஓரமாக நின்றிருந்தேன். கீழே அவினாசி சாலையில் மழை. எனக்குத் தெரியாது, நான் யாரையும் பெற்றவளில்லை என்று சொல்லும் இடம் அது. எனக்குத் தெரிந்தது ஒரு மகள் எதற்காகக் காத்திருப்பாள் என்பது மட்டும்.

"பேசுங்கம்மா. எதையும் விசாரிக்காதீங்க. எப்படி இருக்கேன்னு மட்டும் கேளுங்க. ஏன்னு கேக்காதீங்க," என்றேன்.

'அம்மா' என்று அழைத்ததை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலை ஆறரைக்கு முதல் வாழ்த்து அவருடையது. மகளிடம் பேசினாராம். "நாலு நிமிஷம். நாய்க்குட்டி ஒண்ணு வாங்கியிருக்காளாம். அதைப் பத்தியே பேசினா. அது போதும்டி எனக்கு. உன்னாலதான்."

ஓட்டலில் விருந்தினர் எட்டுப் பேர். மதியம் ஊழியர் சாப்பாட்டு அறையில் குப்புராஜின் மனைவி கொடுத்தனுப்பிய முறுக்கைத் தின்றேன். ஊருக்குப் போகலையா என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். "எட்டுப் பேருக்கா?" என்றார்.

இன்று எதையும் படிக்க முடியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

'பன்னிரண்டாம் தேதி மத்தியானம் பாப்பாவையும் கூட்டிட்டு வா. தாராபுரத்துலேர்ந்து ரெண்டு மணி நேரம்தானே. பவானி ஹால் வாசல்ல நிக்கறேன்.'

விக்டர் சாரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"மூணு நாள் லீவு எடுத்துட்டு ஊருக்குப் போயிரும்மா. புள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு மெசேஜ். முடிஞ்சு போச்சு. அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர் சொல்வது சரிதான். பொய் என்று தெரிந்தால் இந்த வருடத்தோடு விலகிவிடலாம், ஒப்பந்தத்தில் இருக்கிறது.

நவம்பர் 8, சனி

குப்புராஜிடம் மட்டும் சொன்னேன். தேக்கரண்டிகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மாகிட்ட நெசத்தச் சொல்லோணும்னு இருக்கீங்களா?"

"ஆமாம்."

"ஏனுங்க மேடம், உங்க மனசு லேசாகறதுக்கு எங்க பதினோரு பேத்து பொழப்புங்களா?"

"பத்து. நானும் ஒருத்தி."

"உங்களுக்கென்னங்க, படிச்சவங்க. நாலு ஊரு போவீங்க." அடுத்த கரண்டியை எடுத்தார். "எம் பையனுக்கு இப்பத்தான் பக்கத்துலயே பள்ளிக்கோடம் கெடச்சிருக்குது."

எனக்கும் இந்த ஊரைத் தவிர வேறு ஊர் இல்லை என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நானும் ஒரு துணியை எடுத்துக் கரண்டி துடைத்தேன். "அப்டி இல்லீங்க, காம்பைப் புடிச்சுத் தொடைங்க, கைரேகை விழுகுது" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

'பாப்பாவுக்குக் காய்ச்சல்' என்று எழுதி அழித்தேன். மூன்று முறை. அந்தக் குழந்தையை மறுபடி நோயில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. இது பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது.

நவம்பர் 12, புதன்

ஊருக்குப் போகவில்லை. ஓட்டல் சீருடைப் புடவை உடுத்தி, என் பெயர் பொறித்த பித்தளைப் பட்டையைக் குத்திக்கொண்டு, பன்னிரண்டு ஐம்பதுக்குப் பவானி அரங்கின் வாசலுக்குப் போனேன். வசுந்தரா மேடம் நின்றிருந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு பட்டையைப் படித்தார்.

"பத்மாசினி," என்றார்.

"ஆமாம் மேடம். நான் இங்கதான் வேலை பார்க்கிறேன். அன்னைக்கு நடந்தது கூட்டமே இல்லை."

"அது தெரியும்." குரலில் கோபம் இல்லை. "மேனேஜரைப் பார்த்து நாப்பது பேர் எழுந்து நிக்கறாங்க. விதைக்காரங்களுக்கு பி.எஃப். பாடம் எடுக்கறாரு ஒருத்தர். சேரெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா ஓட்டல் பார்க்கறேன். புதுசா திறக்கறவங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு பண்ணுவாங்க. நீ ஸ்டாஃப்னு அன்னைக்கே தெரியும். எப்ப சொல்லுவேன்னுதான் இருந்தேன்." எட்டிப் பார்த்தார். "பாப்பாவை ரூம்ல விட்டிருக்கியா?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மாறுவதையும் பார்த்தேன்.

"பாப்பா இல்லை மேடம்."

"இல்லைன்னா?"

"யாரும் இல்லை. கல்யாணம் ஆகலை. நின்னு போச்சு."

அரங்கின் உள்ளே கைதட்டல். முதல் அமர்வு முடிந்திருந்தது. கதவுகள் திறந்து இருநூற்று நாற்பது பேர் எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். அவர் பையைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார்.

"என் பொண்ணைப் பத்தி உன்கிட்ட கேட்டேனே," என்றார்.

"ஆமாம்."

"பெத்தவன்னு நினைச்சுக் கேட்டேன்."

"தெரியும் மேடம்."

அவர் நோட்டைத் திறந்து, ஒரு பக்கத்தைப் பார்த்து, மூடினார். "ஒப்பந்தம் ஹாலுக்குத்தான். அதுல ஒண்ணும் மாத்தமில்ல, உங்க மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. சாப்பாடு நல்லா இருக்கு, இடம் நல்லா இருக்கு." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டாவது செஷன் ரெண்டு மணிக்கு. மைக் இரைச்சல் வருது, பாருங்க."

பாருங்க. மைக்கைப் பார்க்கப் போனேன்.

நவம்பர் 13, வியாழன்

மைக் சரியாகிவிட்டது. தேநீர் இரண்டு முறை, நேரத்துக்கு. மேடம் எதிரில் வந்தபோது தலையசைத்தார், எல்லோரிடமும் அசைப்பது போல.

குப்புராஜ் ஊழியர்கள் போகும் பாதையில் வழிமறித்து, "மூணு வருசமும் உண்டுங்களாமா. விக்டர் சார் சொன்னாரு" என்றார். பிறகு, "நா அன்னைக்குப் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். வைத்துக்கொள்ளவில்லை. என் இடம் நிலைத்துவிட்டது. பதினொரு பேரின் இடமும். சந்தோஷம்தான். இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

மாலை நாலு மணிக்குக் கூட்டம் முடிந்தது. வசுந்தரா மேடம் நான் பவானி அரங்கில் இருந்தபோது கிளம்பிவிட்டார்.

நவம்பர் 15, சனி

காலையில் சரோஜா அக்கா ஒரு பையுடன் வந்தார். "நானூத்தி எட்டுல இருந்துச்சு. கட்டில் மேல, நடுவால. நம்மகிட்ட பேசுன அந்தம்மா ரூமு. ரெஜிஸ்டர்ல நீங்களே எழுதிருங்க."

விருந்தினர் விட்டுச் சென்ற பொருளுக்கு ஓட்டலில் விதி உண்டு. என்ன பொருள், எந்த அறை, யார் கண்டெடுத்தார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு நாளுக்குள் விருந்தினரை அழைத்துச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களின் பொருள் என்றால் அழைக்க வேண்டியது நான்.

பையைத் திறந்தேன். மஞ்சள் கவுன், பருத்தி, கழுத்தைச் சுற்றிச் சின்ன இலைகள். இரண்டரை வயதுக்கான அளவு. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் சேர்த்து எடுத்திருக்கிறார், வளர்ந்து போட்டுக்கொள்ளட்டும் என்று.

கவுன்டரில் இருந்த பெண்ணை அழைக்கச் சொல்லியிருக்கலாம். பதினோரு மணிவரை வேறு வேலைகள் செய்தேன். பிறகு ஓட்டல் தொலைபேசியிலிருந்து அழைத்தேன்.

"சொல்லுங்க."

"மேடம், செவந்தி கிராண்ட்லேர்ந்து பத்மாசினி பேசறேன். உங்க ரூம்ல ஒரு பை இருந்தது. மறந்துட்டுப் போயிட்டீங்க."

அவர் பக்கம் ரயில் நிலைய அறிவிப்பு எதுவோ கேட்டது.

"மறக்கலை. வச்சுட்டுத்தான் வந்தேன்."

"என்ன செய்யட்டும் மேடம்?"

அறிவிப்பு ஓய்ந்து இன்னொரு மொழியில் ஆரம்பித்தது. அது முடியும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"உங்க ரூல் என்ன?" என்றார்.

"தொண்ணூறு நாள் வச்சிருப்போம். அதுக்குள்ள எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கலாம்."

"சரி," என்றார். "வச்சிரு."

வைத்துவிட்டார். பதிவேட்டில் எழுதினேன்: அறை 408. குழந்தைக் கவுன், மஞ்சள், ஒன்று. விருந்தினரிடம் பேசப்பட்டது. வைத்திருக்கச் சொன்னார். கடைசிக் கட்டத்தில் தேதி போட வேண்டும். நாட்காட்டியைப் புரட்டி எண்ணினேன். பிப்ரவரி பதிமூன்று, வெள்ளிக்கிழமை.